தாய்மாமன் சீர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்ஸில் பரீட்சைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். முன் சீட்டிலிருந்த மீசைக்காரர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னது காதில் விழுந்தபின் ஒரு வரியும் ஓடவில்லை.

"மாமா, எனக்கு மஞ்சத்தண்ணி ஊத்தணும். தாய்மாமன் சீரு ரெடி பண்ணு."

"இன்னாடா ஒளர்ற?"

"வலிப்பு மாத்திரை போட்டதுலேர்ந்து மாரு வளருது. பனியனோட நின்னா எனக்கே வெக்கமா கீது."

மாமா சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "மாத்திரை ஒழுங்கா போடறியா?"

"நாலு நாளா போடல."

"போன தடவ நீயா நிறுத்திட்டுதான் வரப்புல விழுந்த. கெணத்தோரம் விழுந்திருந்தா?"

"அதான் ஆஸ்பத்திரிக்கு வர்றேனே. ஆனா டாக்டரம்மாகிட்ட இத எப்பிடி சொல்றது?"

"எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. வேற மாத்திரை இருந்தா தருவாங்க. சொல்லாம நிறுத்துனா உசுருதான் போவும்."

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. மீசைக்காரர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி, சொல்லிடறேன். சீட்டு வாங்க ஆம்பள வரிசையில நிக்கவா, பொம்பள வரிசையில நிக்கவா?"

"எதுல கூட்டம் கம்மியோ அதுல நில்லு."