ஜுரு சம்பந்தமும் ஆரஞ்சுத் தேன்மதுவும்

முனுசாமி: மெதுவா பேசு வடிவு! ஹால்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழப் போவுது.

வடிவம்மாள்: நான் மெதுவாத்தான் பேசுறேன். ஸ்டோர் ரூம்ல உங்க போத்தல்தான் சத்தம் போடுது.

முனுசாமி: ஒண்ணுதானே வெடிச்சுச்சு...

வடிவம்மாள்: ஆமா. மீதியெல்லாம் சம்பந்திக்கு வணக்கம் சொல்லக் காத்திருக்கு.

நாகப்பன்: சம்பந்தி! உள்ள என்னங்க சத்தம்?

முனுசாமி: பட்டாசுங்க! பக்கத்துச் சீனவர் வீட்டுல!

நாகப்பன்: சீனப் பெருநாள் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே?

முனுசாமி: மிச்சம் வச்சிருப்பாங்க லா!

வடிவம்மாள்: அந்தப் பெருநாளைக்கு மொதலாளி ஒரு பெட்டி ஆரஞ்சு குடுத்தாரு. மத்தவங்க உரிச்சுத் தின்னாங்க. ஐயா சாராயம் காச்சுறாரு.

முனுசாமி: காச்சலடி, ஊற வச்சேன். தாசேக் கெலுகோர் ஊருத் தேன், ஆரஞ்சுச் சாறு, ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட். வெள்ளைக்காரன் இந்தத் தேன்மதுவ ‘மீட்’ம்பான்.

வடிவம்மாள்: ஹால்ல உக்காந்திருக்கற கோயில் தலைவர், உங்க சம்பந்தி, என்னம்பாரு? “எங்க வீட்டுல யாரும் குடியத் தொட மாட்டோம்”னு அவர்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னீங்களே!

முனுசாமி: சொல்லாட்டி இந்த எடம் கெடைக்குமா? ஜுருவுல சொந்த வீடு, கார் கடை...

வடிவம்மாள்: நம்ம பொண்ணு புஷ்பா ரூம்ல அழுதுகிட்டிருக்கா.

முனுசாமி: வெட்கம்.

வடிவம்மாள்: ஒரு வாரமாவா? சோறு தண்ணி இல்லாம யாரு வெட்கப்படுவா?

முனுசாமி: இப்ப அதுவா முக்கியம்? நுரை வரணும்னா போத்தலுக்கு அரைக்கரண்டி சீனி போட்டு இறுக்கி மூடணும். கூடினாத்தான் வெடிக்கும். நான் அளந்துதான்... ஐயோ! ரெண்டாவது!

வடிவம்மாள்: மூணாவதும்.

நாகப்பன்: சம்பந்தி, இது என்ன வாசம்? ஆரஞ்சு மாதிரியும் இருக்கு... கள்ளு மாதிரியும் இருக்கு...

முனுசாமி: சாம்பிராணிங்க! புது சாம்பிராணி!

நாகப்பன்: உங்க சாம்பிராணி கதவுக்கு அடியில ஓடி வருதே!

முனுசாமி: வடிவு, துணிய எடு! தொடை!

வடிவம்மாள்: உங்க வேட்டி இருக்கே, எட்டு முழம்.

நாகப்பன்: முனுசாமி, நாங்க கெளம்புறோம். அக்கரைக்குப் போற ஃபெரிக்கு நேரமாச்சு.

முனுசாமி: ஐயா, உக்காருங்க... ஒரு வாய் காப்பியாச்சும்...

நாகப்பன்: வேணாம்பா. உங்க வீட்டுக் காப்பி எப்ப வெடிக்குமோ! டேய் தம்பி, கார எடு.

முனுசாமி: போயிட்டாங்க... ஐயோ, போயிட்டாங்களே வடிவு!

வடிவம்மாள்: பாத்தேன். ஒரு செருப்ப வுட்டுட்டே போறாரு.

முனுசாமி: உனக்கு எளக்காரமா இருக்கு. எனக்கு வயிறு எரியுது. அரைக்கரண்டிதான் போட்டேன்... எப்படி வெடிச்சுச்சு?

வடிவம்மாள்: நீங்க போட்டது சரியான அளவுதான்.

முனுசாமி: பின்ன?

வடிவம்மாள்: “அந்த மாப்பிள்ளை வேணாம்மா”னு புள்ள என் மடியில விழுந்து அழுதா. உங்ககிட்ட வந்து சொன்னேன். வெட்கம்னீங்க. அதான் நீங்க மூடி வாங்கக் கடைக்குப் போனப்போ, போத்தலுக்கு ரெண்டு கரண்டி சீனி மேல போட்டேன். நேத்தே வெடிச்சுக் காரியம் கெட்டுடுமோன்னு பயந்தேன்... இன்னிக்குச் சம்பந்தி முன்னால வெடிக்காட்டி, நானே எடுத்துப் போட்டு ஒடைச்சிருப்பேன்.