பெரட்டில் தேறிய தகடு

எங்கள் வீட்டுச் சாயத் தண்ணீர் நன்றாக இருக்காது, சேர். தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது சல்லடையில் கடைசியாக மிஞ்சும் தேயிலைத் தூள். கறுக்கும், கசக்கும், மணக்காது. ஆனால் ஒரு வெள்ளைத் தாளை அதில் நனைத்து அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டால், எழுபது வயதுக் கிழமாகி இறங்கி வரும். கடையில் விற்கும் நல்ல தூளுக்கு இந்தக் கெட்டித்தனம் இல்லை. அதில் நனைத்த தாள் பொன்னிறமாகி, கல்யாணக் கார்ட் மாதிரி ஆகிவிடும்.

வாக்குமூலத்தை வாயால் சொல்லச் சொன்னீர்கள்; வரவில்லை. தாளும் பேனாவும் தந்தீர்கள், நன்றி. பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதே கோளாறுதான். காலையில் பெயர் கூப்பிட்டால் ‘பிரசன்ட் மிஸ்’ என்று சொல்ல வேண்டும். நான் சொல்வது எனக்கே கேட்காது. அதனால் போன நாள்களும் போகாத நாள்களாகவே ரெஜிஸ்டரில் விழுந்தன. பத்தாம் ஆண்டில் நான் உண்மையாகவே நின்றுவிட்டபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு ஹட்டனில் மஃறூப் நானாவின் கடையில் சேர்ந்தேன். வெள்ளைக்காரத் தொரைமார் ஒரு காலத்தில் மலை ரோட்டில் பந்தயம் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களின் சாமான்களை அவர் வாங்கி விற்கிறார். பழைய தொழிற்சாலை, லொறிக் கொட்டகை, கோழிக்கூடு என்று எங்கே கிடந்தாலும் தேடி எடுப்பார். வாங்க வருகிறவர்கள் கொழும்புக்காரர்கள். அவர்கள் சாமானைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, இது அந்தப் பந்தயத்தில் ஓடியதுதான் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள்.

“பேப்பர் இல்லாட்டி இது பழைய இரும்பு, மகள்,” என்றார் நானா. “பேப்பர் ஈந்தா சரித்திரம். இரும்ப நான் தேடுறன். சரித்திரத்த நீங்க தேடுங்க.”

அந்த வேலைக்கு நான் பொருத்தமாக இருந்தேன். பங்களாக் காவல்காரர்கள் என்னை உள்ளே விட்டுவிட்டு, விட்டதையே மறந்துவிடுவார்கள். அலுமாரி இழுப்பறையில் விரித்துக் கிடந்த பந்தய நோட்டீஸ் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வட்டவளையில் ஒரு வீட்டில், சாமிப் படத்துக்குப் பின்னால் அட்டையாகச் செருகியிருந்தது, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்த ஒரு தொரையின் போட்டோ. அந்தக் குடும்பம் இத்தனை காலமும் அவருக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டியிருக்கிறது.

அந்தக் கொழும்புக்காரர்களில் ஒருவரான பிரதாப் சேர் வாங்கிய பந்தய சைக்கிளுக்கும் ஒவ்வொன்றாக அத்தாட்சி சேர்த்தேன். முன்சக்கரத்து பிரேக் தகடு ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. வட்டமான தகடு, பிரேக் பிடிக்கும்போது வரும் இழுவையெல்லாம் அதிலிருந்து நீளும் ஒரு கையில்தான் விழும்.

“அந்தக் காலத்து ஒரு வரி இருந்தாப் போதும், தங்கச்சி,” என்றார் பிரதாப் சேர்.

ஒரு வரிதானே என்று நானே எழுதினேன். தோட்டத்து இஞ்சினியர் ஒருவர் எழுதியதாக, இங்கிலீஷில். என்னுடைய இங்கிலீஷ் லயத்து இங்கிலீஷ், தோட்டத்து வரிசை வீடுகளில் பொறுக்கியது. பந்தயத்துக்கு முன் தகடு சோதிக்கப்பட்டது என்று எழுதினேன். வெறுமனே சோதிக்கப்பட்டது என்றால் நம்பிக்கை வராது என்று, ‘காலைப் பெரட்டில் தேறியது’ என்றும் சேர்த்தேன். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டு, தொரைமார் கொடுத்த சொல் என்று கேட்டிருந்தேன். அவர்களும் அதை அப்படியேதான் சொல்வார்கள் என்று நினைத்து, அது ‘பரேட்’ என்று தெரியாமல், காதில் விழுந்தபடி எழுத்துக் கூட்டிவிட்டேன்.

பிரதாப் சேர் அதை இரண்டு தடவை வாசித்தார். “பெரட்டு டெஸ்ட்! இங்கிலாந்தில செய்ற டெஸ்டா இருக்கும்,” என்றார். கொழும்பில் அவருடைய கூட்டாளிகள் தங்கள் சாமான்களும் பெரட்டு டெஸ்ட் பாஸானவையா என்று விசாரிக்கத் தொடங்கினார்களாம். பெரட்டுக்கே போகாத நான், ஒரு டெஸ்டைக் கண்டுபிடித்துவிட்டேன்.

உண்மையான தாள் பிறகுதான் கிடைத்தது. லிந்துலைப் பக்கம் மூடிப்போன ஒரு வேர்க்‌ஷொப்பின் பரணில் இருந்தது. அதே தகடு, அதே இலக்கம். கையின் அடியில் மயிரளவு வெடிப்பு, ஒட்ட முடியாது, இனி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுதியவரின் கையெழுத்து என்னுடையதை விட மோசம். தாளும் சரியாகப் பழுக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னுடையதைத்தான் யாரும் நம்புவார்கள். உண்மையானதை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். அந்தத் தீயில் சாயத் தண்ணீர் கொதித்தது. அதையும் குடித்தேன், வழக்கம்போல நன்றாக இல்லை.

லோஜனைப் பற்றிக் கேட்டீர்கள். நானாவின் கடையில் அவன்தான் மெக்கானிக். பழைய சைக்கிள்கள் நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் ஊர்வலத்தில் பிரதாப் சேரின் சைக்கிளை அவன் ஓட்டுவதாக ஏற்பாடு. அது நல்லபடியாக முடிந்தால் கொழும்பில் வேலை, வீடு. அவன் மனைவி பிரேமினிக்கு அப்போது மாதம் ஏறியிருந்தது. என்னை அவன் ப்ரொபசர் என்பான். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கிற ஒரே ஆள் அவன்தான்.

ஊர்வலத்தன்று காலை சைக்கிளை லொறியில் ஏற்றும் முன் தகட்டில் விரலை வைத்துக் காட்டினான். “என்னா ப்ரொபசரு, இந்த எடத்துல மயிரு மாதிரி ஒரு கோடு தெரியுது. வெடிப்பா, வார்த்த தழும்பா?”

பிரதாப் சேர் சிரித்தார். “டேய், அது பெரட்டு டெஸ்ட் பாஸான சாமான்.”

“பெரட்டா? தோட்டத்துல எங்க கண்டாக்கையா காலையில பேரு கூப்புடுவாரே, அந்தப் பெரட்டா சேர்?” லோஜன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். “தகட்டுக்குப் பேரு குடுத்தது யாரு ப்ரொபசரு? பிரேமினிகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா.” பிறகு சிரிப்பை நிறுத்தினான். “சரி, அத விடு. நீ சொல்லு. ஓட்டலாமா? நீ சொன்னாப் போதும்.”

நின்றான். பதில் வரும்வரை நின்றான்.

பிரேமினி சிரித்தால் லயம் சிரிக்கும், லயம் சிரித்தால் ஹட்டன் வரைக்கும் கேட்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் அவன் அவளிடம் சொல்வான் என்று நினைத்தேன். அவன் சாயங்காலம் வரவில்லை என்றால் சொல்ல மாட்டான் என்றும் நினைத்தேன். நினைப்பதற்குக் குரல் தேவையில்லை. தலையை ஆட்டினேன், சேர். ஆமாம் என்று.

லிந்துலைக்கு மேலே உள்ள வளைவில் தகட்டின் கை முறிந்து சக்கரம் இறுகியது. கூட வந்தவர்கள், கடைசி வரை அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது என்றார்கள். பெரட்டை நினைத்திருப்பான்.

என் தாளை நீங்கள் மேசையில் வைத்து வாசித்தபோது அந்தச் சொல்லில் உங்கள் புருவம் ஏறியது. உங்கள் தாத்தாவும் தோட்டத்து ஆள்தான் என்று அப்போதே தெரிந்தது. வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் தேறியிருக்கும்.

ஆகவே எழுதித் தருகிறேன். வெடிப்பு எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓட்டச் சொன்னேன். ஆனால் ஒரு சொல் கூட நான் பொய்யாகப் பேசவில்லை. பேசினேன் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது.

லோஜனின் மரண அறிவித்தல் ஒன்று என் பையில் இருக்கிறது. தகடு இனி யாரிடம் போனாலும் அதுவும் கூடவே போக வேண்டும். பந்தய சைக்கிள் சாமானுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை. இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதை நான் சாயத்தில் நனைக்க மாட்டேன், சேர். தானாகவே பழுக்கட்டும். நான் அப்படி ஏமாற்றுகிறவள் இல்லை.