அச்சில் விழாத பேர்

மணி பதினொன்றே முக்கால். போத்தனூரைத் தாண்டிச் செட்டிபாளையம் போகிற ரோடு. ஐப்பசி மழை விட்டு அரை மணிதான் ஆகியிருந்தது. நாலு கம்பத்துக்கு ஒரு விளக்கு... அதுவும் எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கிற விளக்கு. ஒரே ஒரு ஸ்கூட்டர். அதில் ஒரே ஓர் ஆள்.

ஆள் யார்? நம்ம ரித்திகாவின் பெரியப்பா மகன், கதிர்வேல். ரித்திகா இதோ நம்மோடு போர்வைக்குள் உட்கார்ந்து கதை கேட்கிறாள், பொய்யென்றால் நிறுத்தட்டும். வருஷம் தொண்ணூற்றொன்பது. பெங்களூரில் நாற்பது நாள் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு, அமெரிக்காவையே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தவன்போலக் கோயமுத்தூரில் வந்து இறங்கியவன். விசிட்டிங் கார்டு மூன்று கலரில். பேருக்குக் கீழே ‘வெப் ஆர்க்கிடெக்ட்’. உடம்பில் எந்நேரமும் ஒரு தோல் ஜெர்கின்.

“ஜெர்கின் நெசந்தானுங்க” என்றாள் ரித்திகா. “சித்திரை வெயில்லயும் கழட்ட மாட்டான்.”

அந்த ரோட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனி. அதன் முந்நூற்றுச் சொச்சம் வரைபடங்களையும் வெப்சைட்டில் ஏற்றி, ஒருத்தனும் திருட முடியாமல் பூட்டுவது இவன் வேலை. காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏறிய அந்தப் படங்கள் போட்டோ மாதிரி புள்ளி புள்ளியாகச் சேர்ந்தவை அல்ல. ‘இங்கிருந்து அங்கே கோடு போடு, அங்கிருந்து வளை’ என்கிற கட்டளைகள். திறக்கிற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் புதிதாக வரைந்து காட்டும். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. கட்டளை யார் கையில் சிக்குகிறதோ, படம் அவனுக்குச் சொந்தம். அதனால் பூட்டு. மௌஸின் வலது பொத்தானைத் தொட்டால் ‘அனுமதி இல்லை. இப்படிக்கு, கதிர்வேல்’ என்று ஒரு பெட்டி குதிக்கும். பிரிண்ட் எடுக்கவும் இவன் பாஸ்வேர்டுதான்.

பொள்ளாச்சி டீலர் ஒருவர் போனில் கேட்டாராம்: “ஏனுங்க, ஒரு வாஷரு எத்தச்சோடு பெருசுன்னு பாக்கோணும். அதுக்கு எதுக்குங்க பேங்க் லாக்கராட்டப் பண்றீங்க?”

கதிர்வேல் இங்கிலீஷில் பதில் சொன்னான். அவர் போனை வைத்துவிட்டார்.

படங்களை வரைந்தது யார்? ரசாக். இருபத்திரண்டு வருஷம் அதே கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். வரைபடத்துக்கு நகல் போடுகிற அம்மோனியா மிஷின் பக்கத்திலேயே இருந்து இருந்து, அவர் சட்டையில் அந்த நெடி குடியேறியிருந்தது. அந்த ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ‘வரைந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் பேர். கதிர்வேல் முந்நூற்றுச் சொச்சத்திலும் அதை அழித்துத் தன் பேரைப் போட்டுக்கொண்டான். சொந்தமாக ஒரு நட்டு வரைந்தவனில்லை.

விஷயம் தெரிந்து ரசாக்கின் மனைவி ஹபீபுன்னிசா ஆபீஸுக்கு வந்தார். “தம்பி, அவரு கையால எழுதுன பேருங்க. அது பாட்டுக்கு ஓரமாக் கெடந்துட்டுப் போவட்டுமுங்க. எம் பொண்ணுங்க பாக்கோணும்.”

“இதெல்லாம் காப்பிரைட்மா. உங்களுக்குப் புரியாது.”

அந்த அம்மா திரும்பிப் போய்விட்டார்.

விடிந்தால் சேர்மன் முன்னால் டெமோ. கதிர்வேல் பேர் போட்ட படம் பிரிண்டாகி வரவேண்டும். வந்தால் இவன்தான் டிசைன் பிரிவுக்கே தலைவன். ஒத்திகை பார்க்கத்தான் அந்த அர்த்தராத்திரிப் பயணம்.

கேட்டில் வாட்ச்மேன் பாலுசாமி. “ஏனுங்க சார், இந்நேரத்துக்கு? உள்ள ரெண்டு நாளா அம்மோனியா நாத்தமுங்க. மிசினத்தான் போன வருசமே வித்துப்போட்டாங்களே...”

“மூக்க டாக்டர்கிட்ட காட்டுய்யா.”

உள்ளே போனான். ட்யூப்லைட் நாலு தடவை சிமிட்டி எரிந்தது. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, அடங்கியது. படம் வந்தது. மூலைக் கட்டத்தில் ‘கதிர்வேல்’. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. பிரிண்ட் கொடுத்தான்.

பிளாட்டர் என்பது பேனா பிடித்து வரைகிற மிஷின். ஸ்ஸ்ர்ர்... டிக். ஸ்ஸ்ர்ர்... டிக். பம்ப் முழுதாக வந்தது. கடைசியில் பேனா மூலைக் கட்டத்துக்குப் போனது. தொடவில்லை. காகிதத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது... யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட மாதிரி. பிறகு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

கட்டம் காலி.

பேனாவை மாற்றினான். காலி. பேரை அழித்து மறுபடி அடித்தான். காலி. திரையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

எழுத்தில் கோளாறோ என்று பெரிதாக்கிப் பார்த்தான். பத்து மடங்கு. ‘க’ திரையை அடைத்தது. நூறு மடங்கு. கோடு ஒன்றே தெரிந்தது. ஆயிரம்... கோடு கோடாக இல்லை. அதற்குள் வரிசை வரிசையாகச் சின்ன எழுத்து. சாய்ந்த கையெழுத்து. ரசாக். ரசாக். ரசாக். அதில் ஒன்றைப் பெரிதாக்கினான். அந்தக் கோட்டுக்குள்ளும் அதே. அதற்குள்ளும் அதே. எங்கேயும் உடையவில்லை. அழிக்கப் பார்த்தான். ‘அனுமதி இல்லை. இப்படிக்கு, கதிர்வேல்’ என்று குதித்தது பெட்டி.

அப்போதுதான் மூக்கில் ஏறியது. அம்மோனியா. கண் எரிந்தது.

முதுகுக்குப் பின்னால்... ஸ்ஸ்ர்ர். டிக்.

அவன் பிரிண்ட் கொடுக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினான். பேனா நிற்கவில்லை. எடுத்த கோட்டை நிதானமாக, நேர்த்தியாக முடித்தது. முடித்த பிறகே நின்றது. நம்ம வெப் ஆர்க்கிடெக்ட், கேட்டில் நின்ற பாலுசாமியைத் தாண்டி ஓடினார். ஜெர்கின் நாற்காலியிலேயே கிடந்தது.

காலையில் சேர்மன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வரைஞ்சது ஆருப்பா?”

“நான்தானுங்க.”

“பேரக் காணமே?”

“கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க...”

“அப்ப நீ கம்ப்யூட்டருக்குள்ளயே போய் இருந்துக்கோ.”

வேலை போனது. அதோடு விட்டிருந்தால் தேவலை. புதிதாக அடித்த விசிட்டிங் கார்டில் ‘வெப் ஆர்க்கிடெக்ட்’ மட்டும் வந்தது, மேலே வெள்ளை. ரயில் ரிசர்வேஷன் சார்ட்டில் சீட் நம்பர் உண்டு, பேர் இல்லை. தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிரஸ்ஸில் பத்திரிகை அடித்தார்கள். தாத்தா பேர், தாய்மாமன் பேர், பெண் பேர் எல்லாம் தங்க எழுத்தில். மாப்பிள்ளை இடத்தில் வெள்ளைக் காகிதம். மூன்று தடவை அடித்தும் அதேதான். “பேரில்லாத மாப்பிள்ளைக்கு எம் பொண்ணக் குடுக்கறதுங்களா?” என்று பெண்ணின் அப்பா நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கதிர்வேல் பிரஸ் பிரஸ்ஸாக அலைந்தான். ஹபீபுன்னிசா வீடு அவன் வீட்டிலிருந்து நாலாவது தெருவில்தான். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்நூறு படத்தில் ஒன்றிலாவது பழைய பேரைத் திரும்பப் போட்டிருக்கலாம். இரண்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

பங்குனி. ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை. டூட்டி முடிந்து சைக்கிளில் வந்த பாலுசாமி, போத்தனூர் ஸ்டேஷன் சுவரோரம் கதிர்வேல் நிற்பதைப் பார்த்தார். சுவர் நெடுக ஒரே போஸ்டர், வரிசையாக. மைதாப் பசை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒட்டிய ஆள் யாரையும் காணோம்.

கண்ணீர் அஞ்சலி.

நடுவில் ஜெர்கின் போட்ட போட்டோ. அதன் கீழே முழ உயர எழுத்தில், கன்னங்கரேலென்று, பேர். கதிர்வேல். அதற்கும் கீழே வழக்கம்போலத் தோற்றம், மறைவு. மறைவுக்கு நேரே, வருகிற வெள்ளிக்கிழமையின் தேதி.

பாலுசாமிக்குச் சைக்கிள் கையை விட்டு நழுவியது. “சார்... சார்... அந்தத் தேதியப் பாருங்க சார்...”

கதிர்வேல் திரும்பவில்லை. ஈரம் காயாத எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“தேதி கெடக்குது உடுய்யா... பேரப் பாரு. எத்தனை தெளிவா உழுந்திருக்குது!”