சைஃபுல்லா மாட்டிய சிவப்பு அட்டை

மழை பெய்தால் சங்கரன்கோவிலில் பல தறிக்கூடங்களில் பிரேக்கர் விழுந்துவிடும். கூப்பிட்டால் நான் போவேன். விழுந்ததை ஒரு தடவை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் தொடக்கூடாது, காரணத்தைத் தேட வேண்டும். இங்கே பலர் பிரேக்கரையே விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துத் தறியை ஓட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. என்னைக் கவனமில்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, சார். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வளைகுடாவில் பெரிய முதலாளிகளின் சொந்த ஜெட் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை பார்த்தேன். சைஃபுல்லாவும் அங்கேதான். கடையநல்லூர்க்காரன். ஒரே அறை, ஒரே சோற்றுப் பானை.

ஜெட்டில் பிரேக்கர் என்பது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புப் பட்டன். விமானி இருக்கைக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். கோளாறு என்றால் வெளியே துள்ளும். ஒரு விமானத்தில், சக்கரக் கதவுகளை இயக்கும் பம்பின் பட்டன் அடிக்கடி துள்ளியது. காரணம் தேட வேண்டுமானால் வயிற்றுப் பகுதியைத் திறக்க வேண்டும். முதலாளியோ கிளம்பத் தயாராக நிற்பார். நான் பட்டனை உள்ளே தள்ளி, பதிவேட்டில் "சோதித்தேன், குறையில்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். ஒரு தடவை அல்ல.

சைஃபுல்லா பதிவேட்டைப் புரட்டியபோது அதைக் கண்டுபிடித்தான்.

"இது என்ன வே, ஓயாம துள்ளியிருக்கு?"

"கடக் காத்து ஈரம் வே."

"கடக் காத்து உம்ம கையெழுத்து போட்ட பிளேன்ல மட்டும்தான் அடிக்குமாக்கும்?" என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: "நீராவே போயி சூப்பர்வைசர்ட்ட சொல்லிரும். நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று அவகாசமும் கொடுத்தான். நல்லவன்.

கையெழுத்துப் போடும் உரிமை போனால் நான் மறுபடியும் டயருக்குக் காற்றடிக்க வேண்டும். லீவுக்கு ஊர் வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், டீக்கடையில் "பிளேன் அண்ணாச்சிக்கு சீனி கம்மியா ஒரு டீ" என்று சத்தம் போடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கைவிட்டு வேலை செய்பவன் அந்தப் பட்டனை வெளியே இழுத்து, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்டுவான். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேலாளரே வந்தாலும் தொடமாட்டார்.

வியாழக்கிழமை அவன் அதே விமானத்தில் கோளாறைத் தேட, பம்பின் பட்டனில் அட்டையை மாட்டிவிட்டு, சக்கரம் மடங்கும் குழிக்குள் போனான். கதவு மூடாமல் தடுக்கும் இரும்புப் பின்னை எடுத்திருந்தான், பம்புக்குப் போகும் கம்பி அதன் பின்னால் ஓடியதால். நான் மேலே விமானி அறையில் இருந்தேன்.

"கம்பி உரசுன எடத்தச் சரிபண்ணிட்டேன் வே!" என்று கீழேயிருந்து கத்தினான். "கிளாம்பு ஒன்னுதான் பாக்கி. அட்டையத் தொட்டுராதேயும்!"

"நான் ஏன் வே தொடப்போறேன்" என்றேன்.

அட்டையைக் கழற்றினேன். பட்டனை உள்ளே தள்ளினேன். பம்பின் சுவிட்ச் ஏற்கெனவே போட்டிருந்தது. அவன் குழிக்குள் போன பிறகு நான் போட்டு வைத்ததுதான். கதவு மூடும்போது பெரிய சத்தம் இருக்காது. பிறகு பட்டனை இழுத்து, அட்டையை அவன் மாட்டியிருந்தபடியே, பெயர் வெளியே தெரியும்படி மாட்டினேன். கீழே ஓடி, ஆள் கூப்பிட்டவனும் நான்தான்.

அட்டை இருந்த இடத்தில் இருந்தது. எண்ணெய்க் குழாயில் தங்கிய அழுத்தம் கதவை இழுத்திருக்கும் என்று விசாரணையை முடித்தார்கள். உடலோடு நானே கடையநல்லூர் வந்தேன். சந்தூக்கைத் தூக்கத் தோள் கொடுத்தேன். அதன் பிறகு திரும்பிப் போகவில்லை. ஊரில் இப்போதும் பிளேன் அண்ணாச்சிதான்.

இன்று பிற்பகல் சைஃபுல்லாவின் உம்மா மீரா பீவி கூப்பிட்டார். மழையில் அவர் வீட்டு பிரேக்கர் விழுந்துவிட்டது. மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். அவர் நாற்காலியை இழுத்துவந்து சுவிட்ச் போர்டுக்குக் கீழே உட்கார்ந்தார். அஸர் பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"தொழுகைக்குப் போங்கம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

"நீ மொதல்ல எறங்கு வாப்பா. யாராவது தெரியாம கைய வச்சிருவாங்க. எம் புள்ளைக்குத்தான் இப்படிக் காவலுக்கு ஒரு ஆளு இல்லாமப் போச்சு."

ஆள் இருந்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. கூரையில் நனைந்த இணைப்பைக் கண்டுபிடித்து மாற்றினேன். நான் இறங்கிய பிறகுதான் அவர் எழுந்தார். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பஸ் ஏறி நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சைஃபுல்லாவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும், சார். அந்தப் பட்டன் எத்தனையோ தடவை துள்ளியிருக்கிறது. அன்றும் துள்ளியிருந்தால் பம்பு நின்றிருக்கும். அவன் வெளியே வந்து என்னைத் திட்டித் தீர்த்திருப்பான், அவ்வளவுதான். துள்ளும் என்று நம்பித்தான் தள்ளினேன். கம்பியை அவன் சரிசெய்து முடித்திருப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்?