நர்சம்மாள் கூட்டி வந்த ஆள்

பத்மநாபசுவாமி சாட்சியாக, சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷம் தராசு பிடித்த இந்தக் கையின்மேல் ஆணையாக, பகவதிப்பெருமாள் ஆகிய நான் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சாயா ஆறுகிறது, குடித்துக்கொண்டே எழுதுங்கள் சார்.

எனக்கு இரும்புக் கடை. கம்பி, ஆணி, தாழ்ப்பாள். கடையில் மிச்சப்பட்ட கம்பியை வைத்து 1976இல் பூஜப்புரையில் ஒரு வீடு கட்டினேன், விற்பதற்கென்றே. புது வீடு வாங்குவதுபோலச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை. விற்கிறவன் நல்ல வீடு என்பான், வாங்குகிறவன் ஆமாம் என்பான். நடுவில் ஒரு தரகன் நின்று இரண்டு பேரிடமும் கை நீட்டுவான். பாதி ஊர் இப்படித்தான் எழும்பியது. நின்றுகொண்டும் இருக்கிறது.

வாங்க வந்தவள் சொர்ணம்மாள். போனக்காடு எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸ். வேலை முடிந்துவிட்டது, மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நடக்க முடியாத அக்காள் ஒருத்தி வேறு. ஆயுசு முழுக்கச் சேர்த்தது இந்த ஒரு வீட்டுக்குத்தான் காணும், தப்பாகப் போனால் இன்னொன்றுக்கு வழியில்லை என்று அவளே சொன்னாள். விற்கிறவன் முன்னால் இதையெல்லாம் சொல்லக் கூடாது. சொன்னாள்.

கூடவே ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தாள். நேசையன். எஸ்டேட்டில் கட்டட ஓவர்சியராக இருந்து ஓய்ந்து, வித்துராவில் குடியிருக்கிறவன். மடக்கி வைத்த குடை மாதிரி இருப்பான்.

"இவரு எனக்காகப் பாக்க வந்திருக்காரு," என்றாள்.

வழக்கப்படி அவனைத் தனியே அழைத்து, என் பங்குக்கும் ஒரு கமிஷன் உண்டு என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு பேருட்ட வாங்குனா ஒரு கண்ணு அவிஞ்சு போவும்."

காக்கைக்கே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்க்கத் தெரியும். இவனுக்குத் தெரியாதாம். வாங்குகிறவள் பக்கம் மட்டும் நிற்கிற தரகனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தம்மாள் அக்காளோடு வாசலில் டாக்சியில் இருக்க, இவன் உள்ளே வந்து காசால் சுவரைத் தட்டினான். தரையில் கோலிக்குண்டை விட்டான். அது தானாக உருண்டு வடகிழக்கில் போய் உட்கார்ந்தது. "ஈசான மூலை, நல்லதுதானவே," என்றேன். சிரிக்கவில்லை. ஆணியால் பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்தான். சட்டைப் பையில் பேனா குத்தின மனுஷன், அடுத்தவன் சுவரை நக்குகிறான்.

"உப்பு கரிக்குது. கடல் மணலு. கம்பி துருவேறி கூரை எறங்கும், அண்ணாச்சி."

"எந்தக் கடல்?" என்றேன், சும்மா.

மறுபடியும் நக்கினான். "சங்குமுகம் இல்ல. வலியதுறை."

வலியதுறைக் கரையில் அள்ளியதுதான். அந்த நாக்கு ஊரில் இருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது.

"நாளைக்குக் கெணத்தையும் பாத்துட்டு அம்மாட்ட எல்லாம் மொத்தமாச் சொல்லுவேன்," என்று போனான்.

கிணற்றில் இரண்டு லாரித் தண்ணீர் விட்டு வைத்திருந்தேன். காலையில் ஆள் வைத்து அதை இறைத்துவிட்டு, ஊற்றைப் பார்க்கக் கயிற்றைப் பிடித்து இறங்கினான். நான் ஆட்களுக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, கயிற்றை இழுத்துச் சுருட்டி வைத்தேன். புதுக் கயிறு, கடையில் விற்கலாம்.

"அண்ணாச்சி, இதுல ஊத்தே கெடையாது. லாரித் தண்ணியாக்கும்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. அங்கே நின்றும் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பது அடிக் கிணறு. உடைகல்லும் செங்கல் துண்டும் மூன்று லாரி மிச்சம் கிடந்தது. ஒற்றை ஆளாக, அறுபத்திரண்டு வயதில், மத்தியானச் சோற்றுக்கு முன் தூர்த்து முடித்தேன். பாதிக்கு வந்தபோது அவன் பேச்சை நிறுத்தினான். மேலே இரண்டு வாழைக்கன்று நட்டேன்.

சாயங்காலம் அந்தம்மாள் வந்து, "ஓவர்சியர எங்க?" என்றாள்.

"எல்லாம் திருப்தின்னு சொல்லி பஸ் ஏறிட்டாரு. கெணத்த மூடச் சொன்னதும் அவருதான். வயசான ரெண்டு பேரு, கால் தவறிரக் கூடாதாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்க நாலு பிள்ளையளும் எங்கையில பொறந்ததாக்கும். அந்த நன்றி," என்றாள்.

வாரத்துக்குள் பத்திரம் பதிந்தோம். பால் காய்ச்சினார்கள், எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அக்காளுக்குக் கட்டில் எங்கே போடுவது என்று கேட்டார்கள். தெற்கு அறையைக் காட்டினேன். நல்ல காற்று வரும். கூரையில் கம்பி கொஞ்சம் குறைந்த அறை. என் மதிப்பில் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கும்.

மூன்று வருஷமாக மனசு கலங்காமல்தான் தூங்குகிறேன். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். புது வீடு வாங்குகிறவனுக்குத் தன் பக்கத்துக்கென்று தனியாக ஒரு ஆள் எதற்கு? விற்கிறவன் வாயும் வாங்குகிறவன் காதும் போதும்.

போன மாதம் என் மகள் உலகம்மைக்குக் கரமனையில் ஒரு புது வீடு வாங்கினேன். விலை பேசுவதற்கு முன் அதைப் பார்த்துச் சொல்ல, வித்துராவுக்கு டாக்சி அனுப்பி நான் வரவழைத்தது, கிணற்றில் வைத்துத் தூர்த்ததாகச் சொன்னேனே, அதே நேசையன் அவர்களைத்தான்.