அலர்ஜி என்றுதான் சொன்னேன்

பாறசாலையில் காலைப் பாசஞ்சர் வண்டியில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் பாதி நாள் தப்பித்தது மாதிரி, சார். நெய்யாற்றின்கரை தாண்டினால் நிற்பதற்கே இடம் இருக்காது. என் வாக்குமூலத்தை நீங்கள் மலையாளத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தமிழ். அலுப்பாக இருக்கும்போது எனக்கு அதுதான் வாயில் வரும். இப்போது அலுப்பாகத்தான் இருக்கிறது.

விஜயதாஸ் எங்கள் தெருக்காரர். கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. எனக்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய், வண்டி வந்ததும் ஏறி, ஜன்னலோரம் ஒரு துண்டைப் போட்டு வைப்பார். நான் மூச்சிரைக்க ஏறும்போது, "டாக்டரே, இஞ்ச இரியுங்க" என்று துண்டை எடுத்துக்கொள்வார். நான் வியாதி பார்க்கும் டாக்டர் இல்லை, பூஞ்சையை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள் என்று அவரிடமும் அவர் மனைவி விமலகுமாரியிடமும் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் டாக்டர் தானே" என்று சிரித்தார்கள். பிறகு நான் திருத்தவில்லை. எத்தனை பேரைத்தான் திருத்துவது.

நான் ஆராய்வது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. புறாவின் காய்ந்த எச்சத்தில் இருக்கும், தூசியோடு மூச்சில் போகும். நல்ல உடம்பில் அதை விழுங்கி அழித்துவிடும் செல்கள் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பென்றால் நுரையீரலில் தங்கி, மெதுவாக மூளைக்கு ஏறும். நுரையீரலில் இருக்கும்போது அதில் சில செல்கள் பத்து மடங்கு பெருத்துவிடும். விழுங்க வருவதைவிடத் தான் பெரிதாகிவிட்டால் பிறகு யார் விழுங்குவது? அது எப்போது, எதை உணர்ந்து பெரிதாகிறது என்பதுதான் முனைவர் பட்டத்துக்குப் பிறகு நான் செய்துவந்த ஆய்வு.

வருடங்கள் போய்விட்டன. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் காத்திருப்பதுமாக இருந்தேன். "இன்னும் படிச்சு தீரலியா மக்கா?" என்று அம்மா கேட்பதையும் நிறுத்திவிட்டாள். என் கட்டுரை இரண்டு இடங்களிலிருந்து திரும்பி வந்தது. எலியில் பார்த்தது போதாது என்றார்கள். எங்கள் ஆய்வகத் தலைவர் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "ஒரே மனிதனுக்குள்ளே மாதக்கணக்கில் அது எப்படி மாறுகிறது என்று எவரும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. கண்டுபிடித்ததும் மருந்து கொடுத்துவிடுவார்களே." அவர் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

மழை விட்ட சமயத்தில் விஜயதாஸுக்கு இருமல் வந்தது. மூச்சிழுப்புக்காக வருஷக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக்கடையில் நேரே வாங்கிப் போடுகிறவர். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். வீட்டு மாடியில் புறா வளர்த்தார். இரண்டையும் அவரே வண்டியில் பேச்சுவாக்கில் சொன்னதுதான். கொஞ்சம் சளி கொண்டுவரச் சொன்னேன். அக்கறையால்தான் சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சளியில் கறுப்பு மை ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். இருட்டுக்குள்ளே வெள்ளை வளையங்கள், பெரிதும் சிறிதுமாக. பூஞ்சை வளர்க்கும் என் தட்டுகளில் இத்தனை நாள் கெஞ்சியும் வராத பெரிய செல்கள் அங்கே தாமாகவே கிடந்தன. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வண்டியில் அன்று நல்ல கூட்டம். அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன டாக்டரே, சளியில வல்லதும் உண்டா?"

"அலர்ஜியாக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல. வாராவாரம் சளிய மட்டும் கொண்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"ஓ, கொண்டு வாறேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

திங்கட்கிழமைகளில் குப்பியைத் துணிக்கடைப் பையில் சுற்றி, யாரும் பார்க்காதபடி வெட்கத்தோடு கொடுப்பார். விமலகுமாரி கூடவே பலாக்காய் வறுத்துக் கொடுத்தனுப்புவாள். எனக்கு எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாது. ஆய்வகத்தில் வைத்துவிடுவேன், மற்றவர்கள் தின்பார்கள். ஒவ்வொரு வாரமும் செல்கள் மாறிவந்தன. செல்லைச் சுற்றிய உறை தடித்தது, பெரியவை கூடின. வீட்டுக்கு வந்தால் படுத்ததும் தூக்கம் வந்தது. அந்தக் கொஞ்ச காலம்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு அவருக்குத் தலைவலி தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விமலகுமாரி அவரைக் கைத்தாங்கலாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"டாக்டரே, இவியளுக்கு தல வெட்டிப் பொளக்குது. ராத்திரி சர்த்தியும் உண்டு, தின்னது ஒண்ணும் நிக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோவட்டா?"

நீங்கள் அழுத்திக் கேட்பது இந்த இடத்தைத்தான் என்று எனக்குத் தெரியும். போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இந்தப் பூஞ்சைக்கான மருந்தை நரம்பில் ஏற்றும்போது குளிர்க்காய்ச்சல் வரும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், பாடுபடுத்தும். அதையெல்லாம் நான் யோசித்தேன். "மைக்ரேனாக்கும்" என்றேன். "வெயிலில அலைய வேண்டாம். மாத்திரை தாறேன்." கொடுத்தது சாதாரணத் தலைவலி மாத்திரை. விமலகுமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க உண்டும்னுள்ள தைரியத்திலதான் இருக்கேன்."

அடுத்தடுத்த வாரங்களில் அவருக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு நாள் வண்டியில் பக்கத்து ஆளின் மடியில் துண்டைப் போட்டுவிட்டு, எனக்கு இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஆள் திட்டினார். விஜயதாஸ் புரியாமல் சிரித்தார். அதன்பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. குப்பியை வாங்க நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மகள் அனகாதான் முதலில் சந்தேகப்பட்டாள். கதவுக்கு வெளியே என்னை நிறுத்தினாள்.

"அக்கா, அப்பாக்கு களுத்து குனிய மாட்டேங்குது. போன்ல பாத்தேன். மூளைக்காய்ச்சலா இருக்கலாம்னு போட்டிருக்கு."

"போன்ல பாத்தா எல்லாருக்கும் எல்லா வியாதியும் உண்டு மக்கா" என்றேன். "நான் அதத்தான படிச்சிருக்கேன்."

அவள் தலைகுனிந்து, "சாரி அக்கா" என்றாள்.

இன்னும் ஒரு குப்பி கிடைத்தால் வரிசை முழுமையாகிவிடும் என்று இருந்தேன். அதற்குள் அவருக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து அன்றைக்கே நோயைச் சொல்லிவிட்டார்கள். மருந்தும் ஏற்றினார்கள். நானும் போயிருந்தேன். விமலகுமாரி தரையில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸிடம், முதுகில் எடுத்த நீரில் மிச்சம் இருந்தால் தர முடியுமா என்று கேட்டேன். நுரையீரலில் இருந்ததும் மூளைக்கு ஏறியதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் இறந்துவிட்டார். இத்தனை நாள் யார் பார்த்தது என்று அங்கிருந்த டாக்டர் கேட்டிருக்கிறார். விமலகுமாரி என் பெயரைச் சொல்லி, வாராவாரம் கொடுத்த குப்பிகளையும் சொன்னாளாம். நான் எதை ஆராய்கிறவள் என்று அந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தது. அப்படித்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் ஓடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன்.

ஆய்வகத்தில் நீங்கள் சீல் வைத்த, அந்தக் குப்பிகள் இருக்கும் ஃப்ரீசருக்கு மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். யாருடைய பெயரில் வேண்டுமானாலும் அந்த முடிவுகள் வெளியாகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேற்று சாயங்காலம் அனகா இங்கே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். உங்கள் போலீஸ்காரப் பெண்ணும் கூட நின்றாள். அனகா உட்காரவில்லை.

"எப்பம் தெரியும் அக்கா?"

"முதல் குப்பியிலயே தெரியும் மக்கா."

"அப்பமே மருந்து குடுத்திருந்தா?"

"அனேகமா பிழைச்சிருப்பாரு."

அவள் அழவில்லை, திட்டவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பினாள். அவள் அப்பாவின் உடம்புக்குள் அந்தச் செல் என்னவெல்லாம் செய்தது, இதுவரை எவரும் காணாத எதை நான் கண்டேன் என்று விளக்க நான் வாயெடுத்தேன். அவள் நிற்கவில்லை. தனுவச்சபுரம் காலேஜில் பயாலஜி படிக்கிற பிள்ளை, சார். இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பாள்.