இல்லாத தளத்தில் அமைந்த வரன்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்து. மதிய வெயில். எனக்கு முன் சீட்டில் பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒருவரும் அவருடைய நண்பரும். யாராவது தங்கள் வெப்சைட் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால், இவர் அதை வாங்கி வைத்திருந்து நல்ல விலைக்கு விற்பாராம்.

“கல்யாணத் தகவல் மையம் ஒண்ணு மூடிட்டாங்க மச்சான். மூணு வருசம் முன்னாடி அவங்க வெப்சைட் பேரை எடுத்தேன். சைட்ல இப்ப ஒண்ணுமே இல்ல. ஆனா அந்தப் பேருக்கு வர்ற மெயிலெல்லாம் எனக்குத்தான் வரும், அதுல ஜாதகம் வந்துக்கினே கீது.”

“யாரு அனுப்புறாங்க?”

“ஒரே ஆளுதான். ஒரு பொண்ணோட அப்பா. மூணு வருசமா அனுப்புறாரு. மூணு வருசமும் பொண்ணுக்கு வயசு இருவத்திரெண்டுதான்.”

தூங்கி வழிந்துகொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“மாத்த மறந்துட்டிருப்பாரு.”

“நானும் அப்டிதான் நெனச்சேன். போன மாசம் பொண்ணு போட்டோ அனுப்புனாரு. செவுத்துல மாட்டி, மாலை போட்டு, முன்னால வெளக்கு எரியுது.”



“அந்தப் பேரை எவனுக்காவது வித்துத் தொலைடா.”

“இன்னிக்குக் காலைல அவர்கிட்டருந்து ஒரு மெயில். உங்க சைட்லியே நல்ல வரன் அமைஞ்சிடுச்சு, ரொம்ப நன்றின்னு.”

“ஒண்ணுமில்லாத சைட்ல இன்னாடா வரன்?”

“வெப்சைட் பேரு யாருதுன்னு நெட்ல தேடினா, வாங்கினவன் பேரும் வூட்டு விலாசமும் வரும். அதைப் பாத்துக்கீறாரு. வெள்ளிக்கிழமை தட்டோட எங்க வூட்டுக்கு வராராம். பொண்ணையும் இட்டுக்கினு.”